அழாத குழந்தையும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தமும்

கேள்வி இதுதான். அண்ணன் மகனுக்கு மூன்றரை வயது. இரண்டு வயது நெருங்கும்போதுதான் நடந்தான். இப்போதும் பத்துப் பதினைந்து வார்த்தைதான் பேசுகிறான். பரிசோதித்துவிட்டு ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி, அண்ணனுக்குச் சொந்த அத்தை மகள். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஒரு பக்கம், மாசமாக இருக்கும்போது கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டாள் என்று இன்னொரு பக்கம், வீட்டில் பேசிப் பேசியே அண்ணியை வாட்டுகிறார்கள். இது எதனால் வருகிறது, அடுத்த குழந்தைக்கும் வருமா, தடுக்க வழி உண்டா, மூளை வளர மருந்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் தை மாதம் கல்யாணம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியையும் சேர்த்துத்தான் பதில் எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். ‘எதனால் வந்தது டாக்டர்?’ என்று கேட்கிற அம்மாக்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்பதைத்தான். அதனால் முதலில் கிரகணத்தை ஒதுக்கிவிடலாம். கிரகணத்துக்கும் குழந்தையின் மூளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அண்ணியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அடுத்தது அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் பெயர். அறிவுசார் குறைபாடு என்றால் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். அறிவுத்திறன் சோதனையில் ஐ.க்யூ ஏறத்தாழ 70க்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு அன்றாடக் காரியங்களிலும் வயதுக்கேற்ற திறமை வந்திருக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் ஐம்பது ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். பொருளை வாங்கி, மீதிச் சில்லறையைச் சரிபார்த்து, ரோட்டைப் பார்த்துக் கடந்து வீடு திரும்புகிறானா? அதுதான் நான் சொல்கிற அன்றாடத் திறமை. வெறும் மார்க்கை வைத்து இதை முடிவு செய்வதில்லை. இதெல்லாம் வளர்கிற வயதிலேயே தெரிந்திருக்கவும் வேண்டும். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு, எழுத்தும் கணக்கும் மட்டும் தகராறு செய்கிற கற்றல் குறைபாடு வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அதில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு.

ஐந்து வயதுக்குள் ஐ.க்யூ சோதனை நம்பகமாக அமையாது. அதனால் அந்த வயதில் ‘பன்முக வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதி வைத்து, பயிற்சியைத் தொடங்கி, பிறகு மறுபடி சோதிப்பதுதான் முறை. உங்கள் அண்ணன் மகன் சீட்டில் எழுதிய பெயரைக் கல்வெட்டு என்று நினைக்க வேண்டாம். பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அப்புறம், பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு சாத்தினால் திரும்புகிறான், டி.வி. பாட்டுக்கு ஆடுகிறான், அதனால் காது கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது போதாது. தூங்க வைத்து, ஒலி கேட்கும்போது காது நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும் மின் அலையை அளக்கும் ‘பெரா’ சோதனை இருக்கிறது. அது செய்யாமல் இருந்தால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

சரி, காரணங்களுக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாப் பரிசோதனையும் முடித்த பிறகும் காரணம் பிடிபடாத பிள்ளைகள் கணிசம். ஆனால் சில காரணங்களை நம்மால் தடுக்க முடியும், அதுவும் மிகக் குறைந்த செலவில். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதைத் தவறவிட்ட ஒரு பையனை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து மாதக் குழந்தையாக அவனைத் தூக்கி வந்தார்கள். மலச்சிக்கல், நான்கு நாளைக்கு ஒரு முறைதான் போகிறான் என்றார்கள். ‘மத்தபடி ரொம்ப சாது டாக்டர், அழவே மாட்டான், பால் குடிக்கக்கூட எழுப்பணும்’ என்று அம்மா பெருமையாகச் சொன்னார். குழந்தை மடியில் துணி மாதிரிக் கிடந்தான். நாக்கு உதட்டைத் தாண்டி வெளியே இருந்தது. தொப்புள் புடைத்திருந்தது. கை கால் சில்லென்று இருந்தன. லேசாகத் தட்டியதும் அழுதான். கரகரத்த, தொண்டை கட்டிய அழுகை. தலை இன்னும் நிற்கவில்லை. பிறந்தபோது வந்த மஞ்சள் ஒரு மாதம் இருந்ததாகச் சொன்னார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினேன். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு நூற்றுக்கு மேல். தைராய்டு சரியாகச் சுரக்காதபோதுதான் அது இப்படி ஏறும். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவு.

மூளை வளர முதல் இரண்டு மூன்று வருஷம் தைராய்டு ஹார்மோன் கட்டாயம் வேண்டும். வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் கொஞ்சம் குழந்தைக்குப் போய்ச் சேர்வதால், பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தெரிவார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அடையாளம் வரும் நேரத்தில் மூளை ஏற்கெனவே நஷ்டப்பட்டிருக்கும். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. மருந்து ஒரு சின்ன மாத்திரை. தினம் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலில் கரைத்து நாக்கில் விட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் பிறந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பையன் மருந்து தொடங்கியபின் மூன்று வாரத்தில் முகமே மாறினான். சிரித்தான், கத்தி அழுதான். நடந்தான், பேசினான். ஆனால் ஐந்து மாதம் திரும்பி வரவில்லை. இன்று பன்னிரண்டு வயதில் இரண்டாம் வகுப்புப் பாடத்தோடு போராடுகிறான். அவனுடைய அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். தைராய்டு சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்யத் தெரியாத ஒரு மரபணுக் கோளாறு அவனுக்கு. அது அடுத்த குழந்தைக்கும் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தேன். தங்கை பிறந்தாள். மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி எடுத்த ரத்தச் சொட்டில் அவளுக்கும் அதே நோய். ஒன்பதாம் நாள் மாத்திரை தொடங்கினோம். இப்போது ஐந்தாம் வகுப்பு. போன முறை வந்தபோது என் மேஜையில் இருந்த மருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டாமல் படித்துக்காட்டினாள். அண்ணன் பக்கத்தில் நின்று கை தட்டினான். இருவருக்கும் ஒரே நோய், ஒரே மாத்திரை.

இந்தச் சோதனையின் பின்னணியில் ஒரு தாயும் ஒரு தந்தையும் இருக்கிறார்கள். 1934இல் நார்வே நாட்டில் ஓர் அம்மா, வளர்ச்சி நின்றுபோன தன் இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் ஏதோ விசித்திரமான வாடை வருவதாக டாக்டர் டாக்டராகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் மட்டும் அதைச் சோதித்தார். உடம்பில் ஒரு புரதத் துணுக்கு செரிக்கப்படாமல் தேங்கி மூளையைக் கெடுக்கும் ‘பீனைல்கீட்டோனூரியா’ என்ற நோய் அப்படித்தான் தெரியவந்தது. முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, குதிகால் ரத்தச் சொட்டை வடிதாளில் ஊற வைத்துப் பிறந்த சில நாளிலேயே அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொண்டுவந்தார். அவருடைய சொந்த மகனுக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. மனைவியின் சகோதரி மகளுக்கு இந்த நோயே இருந்தது. நம் நாட்டில் அந்த நோய் அபூர்வம். ஆனால் அதே வடிதாளில்தான் இன்று தைராய்டும் பார்க்கிறோம். நம் ஊரில் எல்லா மருத்துவமனையிலும் இதைத் தாமாகவே செய்துவிடுவதில்லை. கேட்டு வாங்க வேண்டும். பிறந்த முதல் நாளே எடுத்தால் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குக் கிளம்பும் முன் எடுப்பது நல்லது.

தைராய்டு என்றதும் உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாய்க்கு அயோடின் குறைந்தால் தாய்க்கும் ஹார்மோன் குறையும், பிள்ளைக்கும் குறையும். இந்தியா முழுவதும் 2018–19இல் அயோடின் உப்புப் பற்றி எடுத்த கணக்கில் தமிழ்நாடுதான் கடைசி வரிசையில் வந்தது. தூத்துக்குடியில் உப்பு விளைகிற மாநிலம் இது. உப்பளத்திலிருந்து நேராக வரும் கல் உப்புதான் நல்லது என்ற பழைய பழக்கம் போதாதென்று, இப்போது இந்துப்பு வேறு சேர்ந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். குண்டூசித் தலையளவுதான், ஆனால் இந்துப்பில் அது கிடைக்காது. உங்கள் சமையலறையில் பாக்கெட்டைத் திருப்பி ‘அயோடின் சேர்க்கப்பட்டது’ என்று இருக்கிறதா பாருங்கள். அதை மூடி போட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி சொந்தத்தில் கட்டும் விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன். ஒவ்வொருவர் உடம்பிலும் பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன. ஒற்றையாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் குழந்தையிடம் ஜோடி சேரும்போதுதான் நோய். சொந்தமில்லாத தம்பதிக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை ஏதாவது இருக்கும். சொந்த அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அக்கா மகளைக் கட்டினால் இன்னும் கூடும். ஆகவே ஆபத்து நிஜம். ஆனாலும் அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் நூறில் தொண்ணூறுக்கு மேல் நன்றாகவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் இன்றும் சொந்தத்தில்தான் நடக்கிறது. இதில் அண்ணியை மட்டும் குற்றம் சொல்வதற்கு அறிவியலில் இடமே இல்லை. ஜோடியில் ஒன்று உங்கள் அண்ணன் கொடுத்தது. சம்பந்தம் பேசி முடித்தது பெரியவர்கள்.

அதனால் அண்ணி இரண்டாவது குழந்தைக்குத் தயாராகும் முன் செய்ய வேண்டியது, முதல் பிள்ளைக்குக் காரணம் தேடுவது. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்யலாம். செலவு பல ஆயிரம் ஆகும், அதனால் மரபணு நிபுணர் ஒருவரைப் பார்த்து எது தேவை என்று கேட்டபிறகு செய்யுங்கள். காரணம் குறிப்பாகத் தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்து, இந்தக் குழந்தைக்கும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட முடியும். காரணம் தெரியாமல் கர்ப்பமான பிறகு ஓடி வந்தால் எதைத் தேடுவது என்றே தெரியாமல் நிற்போம். உங்களுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையும் சொந்தமா என்று எழுதவில்லை. சொந்தமென்றால், நிச்சயத்துக்கு முன்பே அந்த நிபுணரிடம் நீங்களும் போய்ப் பேசுங்கள்.

உங்களுக்குத் தை வரை நேரம் இருக்கிறது, அது பெரிய வசதி. ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அந்தக் காய்ச்சல் தாய்க்கு லேசாக வந்து போனாலும் குழந்தையின் கண், காது, இதயம், மூளை நான்கையும் தாக்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய பீதியில் எத்தனையோ பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. போட்ட ஞாபகம் இல்லையென்றால் இப்போது போட்டுக்கொள்ளுங்கள். போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன்பே போடச் சொல்வது அதனால்தான். ஃபோலிக் அமில மாத்திரையையும் குழந்தைக்குத் திட்டமிடும் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தண்டுவடமும் மூளையும் உருவாகும் குழல், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், முக்கியமாக வால்ப்ரோயேட் என்றால், மருந்தை மாற்றுவது பற்றி முன்கூட்டியே பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ், அவருடையது பாசிட்டிவ் என்றால், அந்த வேறுபாட்டால் குழந்தையின் ரத்தம் உடையாமல் தடுக்க ஒரு ஊசி இருக்கிறது, 28ஆம் வாரத்திலும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும்.

கருவிலேயே குரோமோசோம் ஒன்று கூடுவதால் வரும் டவுன் சிண்ட்ரோமைத் தடுக்க முடியாது. தாயின் வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் வாய்ப்பு ஏறும் என்பது உண்மை, ஆனால் இளம் தாய்மார்கள்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவர்களுக்குத்தான் பிறக்கிறார்கள். 11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனையும் ரத்தச் சோதனையையும் எந்த வயதிலும் தவிர்க்க வேண்டாம்.

பிரசவத்திலும் அதன் பிறகும் நடக்கும் கேடுகள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன, ஆனால் வீட்டுப் பழக்கங்கள் சில இன்னும் விடவில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதை விட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். தாய்ப்பால் தாமதமாகி ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் மூளை கெடும். மஞ்சள் காமாலை அளவு மீறினாலும் மூளையைத் தாக்கும். அதற்குக் காலை வெயில் காட்டினால் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் நாளே மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ ரத்தத்தில் அளவு பார்த்து நீல விளக்கில் வைத்தாக வேண்டும். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியில் குழந்தையைச் சுற்றும் வழக்கமும் வேண்டாம். சில குழந்தைகளுக்குச் சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்த உருண்டையின் வாடை பட்டாலே அவர்களுக்கு ரத்தம் உடைந்து மஞ்சள் சட்டென்று ஏறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் கையோடு எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பத் தயார். நான்கு முதல் எட்டு மாதக் குழந்தை, தூங்கி எழுந்ததும், தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரித்து ஒரு விநாடி குலுங்குகிறது. விட்டு மறுபடி. வரிசையாகப் பத்து, இருபது தடவை. பார்க்கிறவர்களுக்கு வணக்கம் சொல்வது போலிருக்கும். ‘பயந்திருக்கும், மந்திரித்துவிட்டால் சரியாகும்’ என்பார்கள். அது ஒருவகை வலிப்பு. வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் 1841இல் தன் சொந்த மகனிடம் இதைப் பார்த்துக் கலங்கி எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒவ்வொரு வாரத் தாமதமும் மூளைக்குச் செலவு. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மருந்து உண்டா என்று கேட்டீர்கள். தைராய்டு, வலிப்பு போன்ற காரணங்களுக்கு மருந்து உண்டு. அறிவை வளர்க்கும் டானிக் எதுவும் கிடையாது. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டாம், அது நிரூபிக்கப்படாத வைத்தியம். மூன்றரை வயதில் பலன் தருவது பயிற்சிதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. பேச்சு, பிசியோதெரபி, காது எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாகப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது.

வீட்டில் என்ன செய்வது என்பதற்கு ஒரு உதாரணம். பனியன் போடக் கற்றுத் தர வேண்டும் என்று வையுங்கள். தலையை நுழைத்து, இரண்டு கையையும் விட்டு, நெஞ்சு வரை நீங்களே இறக்கிவிடுங்கள். கடைசியாக இடுப்புக்கு இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். இழுத்தானா? ‘நீயே போட்டுக்கிட்டியே’ என்று கொண்டாடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தின படியை, அப்புறம் அதற்கும் முந்தினதை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகட்டும். சாதம் பிசைவது, பல் தேய்ப்பது, பின்னாளில் பஸ் ஏறுவதுகூட இப்படித்தான் வருகிறது. இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோர் லேசான வகை. நிதானமாகச் சொல்லிக் கொடுத்தால் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும், சம்பாதிக்கவும் முடிகிறவர்கள். பெரியவனானதும் ‘கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்ல வருவார்கள். இப்போதே மறுத்து வையுங்கள்.

மறு சோதனையில் குறைபாடு உறுதியானால் தயங்காமல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், 2023இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தாத்தா தடுப்பார். பயிற்சிக்குப் போய்வரும் பஸ் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பையன் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிறந்ததும் அழுதானா, எடை எவ்வளவு, மஞ்சள் எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுவரை தைராய்டு பார்க்கவே இல்லையென்றால், மூன்றரை வயதானாலும் பரவாயில்லை, பார்த்துவிடச் சொல்லுங்கள். கூட அண்ணனும் போகட்டும்.